ஊருக்குக் கேட்டதும் ஒருவருக்குக் கேட்பதும்

திருகோணமலை பஸ் நிலையத்தில் காலை நேரம் மூதூர் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். பலரின் காதில் வயர் தொங்கும். இன்னும் சிலருக்கு வயரும் இல்லை, வெள்ளைக் குமிழ் மட்டும். சாரதியின் தலைக்கு மேலே பஸ்ஸின் சொந்தப் பெட்டி வேறு அலறும். அதைக் கேட்பார் யாருமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே ஹேண்ட்ஸ்ஃப்ரீயை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டு தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருப்பதும் உண்டு. கடைப்பெட்டியில் இயர்போன் என்று அச்சிட்டிருந்தாலும் எங்கள் பக்கத்தில் வயர் உள்ளதெல்லாம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. வயர் இல்லாததெல்லாம் இயர்பட்ஸ்.

2009 வரை இந்தப் பயணமே வேறு மாதிரி. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் அந்த வருடம்தான் திறந்தது. அதற்கு முன்பு கிண்ணியாத் துறையில் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி அக்கரை சேரவேண்டும். அல்லது திருகோணமலையிலிருந்து கொட்டியாரக்குடாவைக் குறுக்கறுத்து மூதூருக்கு லோஞ்சில் போகவேண்டும். லோஞ்சின் டீசல் எஞ்சினுக்கு மேலால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே தனித் தொண்டை வேண்டும். அதற்குள்ளும் யாராவது ஒருவர் மடியில் ட்ரான்சிஸ்டரை வைத்திருப்பார். அவர் வைத்த நிலையம்தான் அன்றைக்கு எல்லாருக்கும் நிலையம். கிரிக்கெட் நாளென்றால் அவரைச் சுற்றி ஆள் கூடும். ஸ்கோர் வாய்வழியாகப் பின்பக்கம் வரை போய்ச் சேரும்போது ஒரு விக்கெட் கூடியோ குறைந்தோ இருக்கும்.

துறைமுகத்துக்கும் ஹெட்போனுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. நத்தானியல் போல்ட்வின் என்ற அமெரிக்கர் 1910ஆம் ஆண்டளவில் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போனை வாங்கியது அமெரிக்கக் கடற்படை. பாட்டுக் கேட்பதற்காக அல்ல, கம்பியில்லாத் தந்திக்காக. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. இந்த ஊரில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காத ஒலியைத் தனியே கேட்ட முதல் ஆட்கள் அந்தத் தந்தி அறைக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போல்ட்வின் உள்ளே வைத்த நுட்பத்தில் காந்தங்களின் நடுவே சமநிலையில் நிற்கும் சின்ன இரும்புத் தகடு ஒன்று அதிரும். அந்த நுட்பம் பிற்பாடு காது கேட்கும் கருவிகளுக்குள் போனது. காது கேட்கும் கருவிகளில் ஊறிய மீட் கில்லியன் என்ற பொறியியலாளரின் எட்டிமோட்டிக் கொம்பனி 1991இல் ஈ.ஆர்-4 என்ற ஒன்றை வெளியிட்டது. காதின் மேல் உட்காராமல் துவாரத்துக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் இன்றைய இனத்துக்கு அதைப் பாட்டன் என்று சொல்லலாம். விலை 300 டொலருக்கு மேல். அந்தக் காலத்தில் திருகோணமலையில் எவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்? இன்று அதே இரும்புத் தகட்டு நுட்பம் இருபது டொலருக்குக் குறைந்த சீன இயர்போன்களுக்குள்ளும் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் அன்று செலவெல்லாம் ரேடியோப் பெட்டிக்கே. கடைக்காரர் பற்றரி போட்டு, ஏரியலை இழுத்து, முள்ளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டிக் காட்டுவார். திருச்சி வானொலி எவ்வளவு தெளிவாக விழுகிறது என்பதை வைத்துத்தான் பெட்டியின் தரம் பேசப்படும். மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் நன்றாக ஓடும் என்பதால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. ரேடியோவோடு பால்நிறத்தில் ஒற்றைக் காதுக் குழாய் ஒன்று சின்னப் பொலித்தீன் பையில் வரும். அது அலுமாரிக்குள் போய்விடும். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசும்போது காதுக்குள் குழாயைச் செருகிக்கொள்வது, விருந்தில் இலையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிடுவது போன்றது.

அந்தக் குழாய் அலுமாரியை விட்டு வெளியே வந்தது போர்க்கால ஊரடங்கு இரவுகளில். ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் ஒருவர் குழாயைச் செருகிக் கேட்பார். சுற்றி இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செய்தி முடிந்ததும் அவர் கிசுகிசுத்து ஒப்பிப்பார். ஒருவர் மட்டும் கேட்கிற கருவியை நாங்கள் பழகிக்கொண்டது பாட்டுக்காக அல்ல, பயத்துக்காக. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அதற்குள் ஊரில் பெரும்பாலானோர் செய்தியைப் போனில் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பற்றரி இன்னொரு கதை. நகரத்தில் காசிருந்தால் வாங்கலாம். பற்றரிக்கே தடை இருந்த யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். தனியாகக் கேட்க நினைத்தாலும் முடியாத ஏற்பாடு அது.

திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக்கு அப்பால் கடற்கரையோரம், ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை நடத்தத் தொடங்கியது. சிற்றலைக் கோபுரங்களோடு மத்திய அலைக்கு 400 கிலோவாட் பரப்பி. ஆசியாவின் பாதிக்குக் கேட்கவைக்க அவ்வளவு மின்சாரம் வேண்டியிருந்தது. இன்று மூதூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெடியனின் இயர்போனுக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் நூறு டெசிபெல்லைத் தாண்டும். ஒலியை எட்டவைப்பது ஒரு காலத்தின் கவலை. இப்போதைய கவலை பஸ் எஞ்சினையும் ஹோர்னையும் காதிலிருந்து தள்ளிவைப்பது. இயர்போன் வாங்கப் போகிறவர் மனத்தில் வைக்கவேண்டிய முதல் விஷயம் இதுதான். கடைக்காரர் சொல்லும் மற்றக் கதைகள் எல்லாம் இதற்குப் பிறகு.

நடுவில் வந்த வோக்மனைத் தாண்டிப் போக முடியாது. சோனி 1979 ஜூலையில் ஜப்பானில் அதை 33,000 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. முதல் மாதிரியில் ஹெட்போன் துளை இரண்டு. ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டு மற்றவரை ஒதுக்குவது மரியாதையில்லை என்று கொம்பனித் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்ததால் வைத்த இரண்டாவது துளை அது. பிறகு வந்த மாதிரிகளில் அது காணாமல் போனது. இலங்கையில் 1977இல் இறக்குமதிக் கதவு திறந்திருந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் பெரிய கசெற் ரேடியோ முதலில் வந்தது, வோக்மன் பின்னால் வந்தது. ரெக்கோர்டிங் பாரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து கசெற் பதிந்து வாங்குவோம். வோக்மனோடு வந்த பஞ்சு ஹெட்போன் காதின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே கேட்கிறதில் பாதி வெளியே கசியும், வெளியே இருக்கிற பஸ் முழுவதும் உள்ளே வரும். அதனால் சத்தத்தை முழுதாகத் திருகுவோம். எங்கள் தலைமுறையில் சிலர் இப்போது இரண்டாம் தரம் கேட்டால்தான் பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்.

அடுத்த கட்டம் விரைவாக ஓடிவிட்டது. எம்.பி.3 வந்தது, கொமினிகேஷன் கடைகளில் மெமரி கார்ட்டுக்குப் பாட்டு ஏற்றினார்கள், பிறகு டேட்டா மலிந்து கார்ட்டும் தேவையற்றுப் போனது. 2016இல் அப்பிள் தன் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளையை நீக்கியது. மற்றக் கொம்பனிகள் முதலில் சிரித்தன, பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இப்போது மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் போன் கடை வாசலில் இயர்பட்ஸ் பெட்டிகள் மேலே தோரணம் மாதிரித் தொங்குகின்றன.

இந்தத் தோரணத்தின் கீழ் நின்று என்ன வாங்குவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடையில் போட்டுப் பார்த்து வாங்கிய காலம் போய்விட்டது. காதுக்குள் நுழைகிற பொருளை ஆளுக்காள் போட்டுப் பார்க்கக் கொடுக்க முடியாது என்பது நியாயம்தான். டராஸ் இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்கினாலும் அதே கதை. ஆகவே பெட்டிக்கு வெளியே எழுதியிருப்பதை நம்பவேண்டிய நிலை. அதில் பெரும்பகுதி பயனற்றது. 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் என்று முந்நூறு ரூபாய்ப் பொருளிலும் எழுதியிருக்கும், முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளிலும் எழுதியிருக்கும். 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் தவிலின் தொப்பிப் பக்கம் மட்டும் கேட்கும், நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய கொம்பனிப் பெயரை அச்சிட்ட அறுநூறு ரூபாய் இயர்போன் போலி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன்: கையில் ஐயாயிரம், ஆறாயிரத்துக்குள்தான் காசு, பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்கத்தான் தேவை என்றால், வயர் உள்ளதை வாங்குங்கள். அதே விலை இயர்பட்ஸில் உங்கள் காசு புளூடூத் சில்லுக்கும், மூன்று பற்றரிக்கும், சார்ஜ் பெட்டிக்கும் பிரிந்து போகிறது. ஒலிக்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தப் பொடிப் பற்றரிகள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போகும். ஒட்டி மூடியிருப்பதால் மாற்றவும் இயலாது. அன்று ரேடியோ பழுதென்றால் ஈயம் பற்றவைத்துத் திருத்திக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். இயர்பட்ஸைத் திருத்த யாருமில்லை, குப்பைதான். லோஞ்சிலோ வள்ளத்திலோ ஒன்று காதிலிருந்து நழுவினால் கொட்டியாரக்குடாவுக்குக் காணிக்கை. வயர் என்றால் கழுத்தில் தொங்கும்.

நான் இப்படிச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வயரோடு போனால் வகுப்பில் பழசு என்பார்களாம். அதற்கு என்னிடம் மருந்தில்லை. சமைத்துக்கொண்டு கேட்பவர், வலை திருத்திக்கொண்டு கேட்பவர், ஓடுகிறவர் என்று கை வேலையோடு கேட்பவர்களுக்கு வயர் இல்லாதது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஐ.பி.எக்ஸ்4 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கட்டும். வியர்வையையும் தெறிக்கிற தண்ணீரையும் அது தாங்கும். கடலில் விழுந்தால் தாங்காது. எஞ்சின் இரைச்சலைக் குறைக்கும் ஏ.என்.சி. என்ற வசதி மலிவானவற்றிலும் இப்போது வருகிறது. பஸ் எஞ்சினின் அடித்தொனியை அது ஓரளவு அழுத்தும். பின் இருக்கையில் நடக்கிற பேச்சையும் ஹோர்னையும் அழுத்தாது.

வயர் உள்ளவற்றில் இன்று மலிவுக்கு உண்மையான அர்த்தம் கொடுத்தவை சீனக் கொம்பனிகள். கே.இசட். என்ற கொம்பனியின் ஈ.டி.எக்ஸ். ப்ரோ போன்றவை பத்து டொலருக்குள். மூன்ட்ராப் சூ, செவன்ஹேர்ட்ஸ் ஸால்நோட்ஸ் ஸீரோ இரண்டும் 2022இல் இருபது டொலர் அளவில் வந்தவை. நூறு டொலர்ப் பொருள்களோடு ஒப்பிட்டு உலகமெங்கும் பேசப்பட்டவை இவை. டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் முதலாவது மூவாயிரத்துக்குள், மற்றவை ஆறாயிரம். வரியும் அனுப்பும் செலவும் தனி. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்தான். சில மாதங்களில் 360 வரை ஏறியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வருடம் எரிபொருள் வரிசையில் நின்ற ஊருக்கு நல்ல இயர்போன் மலிந்த சேதி வந்து சேரப் பிந்தியதில் ஆச்சரியம் இல்லை.

இவற்றில் பார்க்கவேண்டியது வயர் கழன்று மாட்டுகிறதா என்பது. இயர்போன் சாவது பெரும்பாலும் வயரில்தான்: செருகியின் கழுத்தில், அல்லது காதுக்குப் பக்கத்தில். கே.இசட்.டிலும் ஸீரோவிலும் இரண்டு ஊசியால் செருகும் வயர். அறுந்தால் வயரை மட்டும் வாங்கலாம். சூவின் முதல் மாதிரியில் வயரைக் கழற்ற முடியாது. ஒலிக்காக அதை விரும்புகிறவர்கள் உண்டு. கடல் உப்புக் காற்றில் செருகியில் பச்சை பிடிக்கிற ஊரில் நான் அதைச் சொல்லமாட்டேன். இரவில் செருகியை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் எந்த வயரும் கூடக் காலம் உழைக்கும். 16 ஓம், 32 ஓம் என்ற அளவுள்ளவை சாதாரணப் போனிலேயே நன்றாகப் பேசும், தனி அம்ப் எதுவும் வேண்டாம். போனில் துளை இல்லையென்றால் டைப்-சி செருகியோடு வருவதை வாங்கலாம். அல்லது டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீற்றர் துளைக்கு மாற்றும் சின்ன இணைப்பை வாங்கலாம். இணைப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒலியை மாற்றும் சில்லு உள்ளே இல்லாத மலிவு இணைப்புகள் சில போன்களில் வேலை செய்யாது.

கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் சிலர் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வயர் விட முடியாத பொருள். அநேகமான போன்களில் எஃப்.எம். ரேடியோவுக்கு ஏரியலே அந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயர்தான். செருகாவிட்டால் நிலையம் விழாது. அன்று ஏரியலை இழுத்து முள்ளைத் திருப்பியவரின் மகன் இன்று வயரைத் தோளில் போட்டுத் திசை பார்க்கிறார்.

இவ்வளவும் சரியாக வாங்கினாலும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய், "பாஸ் இல்லை, காசு வீண்" என்கிறார்கள். குறை இயர்போனில் இல்லை, அதன் முனையில் மாட்டும் றப்பரில். காதுத் துவாரத்தை முழுதாக அடைத்தால்தான் கீழ்த்தொனி நிற்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஓடிவிடும், கூடவே பஸ்ஸின் இரைச்சலும் உள்ளே வரும். பொருத்தமான றப்பர் போட்டதும் வெளிச்சத்தம் கணிசமாக விழும், உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் கேட்கும், அதுதான் அடையாளம். வயரைக் காதுக்கு மேலால் சுற்றிப் பின்னால் விடுங்கள், இழுபடாது. இடக் காதும் வலக் காதும் ஒரே அளவென்று யாரும் சட்டம் போடவில்லை. ஒன்றில் நடுத்தரம், மற்றதில் பெரியது என்று போடுவதில் வெட்கம் இல்லை. அழுத்தி நுழைத்தால் விரிகிற பஞ்சு வகை இன்னும் நன்றாக அடைக்கும். எங்கள் வெக்கையில் சீக்கிரம் பிய்ந்துபோகும். சோதிக்க இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பாஸ் கிற்றார் தனியே நடந்து போவது கேட்கவேண்டும். சீர்காழியின் குரலில் 'ச' சீறக்கூடாது.

நன்றாக அடைப்பதால் இன்னொரு இலாபம். வெளியே இரைச்சல் இருக்கும்வரை கை தானாக சத்தத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூட்டும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். கொழும்புக்குப் போகிற இரவு மெயிலில் ஏறி, கந்தளாய் தாண்டி கல்ஓயாச் சந்தி வரும்வரை முழுச்சத்தத்தில் கேட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனால் அடைத்த காதோடு செய்யக்கூடாத காரியங்களும் உண்டு. தண்டவாளத்தில் இயர்போனோடு நடந்து அடிபட்டவர்களின் செய்தி இலங்கைப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது. ஹபரணை வீதியில் இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு யானை கிளை முறிக்கும் சத்தம் முன்கூட்டியே கேட்கவேண்டும். அங்கே ஒரு காது போதும் என்ற சமரசம்கூட வேண்டாம், இரண்டையும் கழற்றிப் பையில் போடுங்கள்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மூவாயிரம் ரூபாய் இருந்தால் கழற்றும் வயருள்ள கே.இசட். ஒன்று போதும், ஆறாயிரத்துக்கு மேல் இருந்தால் ஸீரோ. அதற்கு மேல் காசு போடுவதில் காதுக்கு வருகிற இலாபம் குறைவு. வாங்கியதும் பெட்டியைத் தூக்கி எறிய முதல், உள்ளே சின்னப் பையில் கிடக்கிற மற்ற றப்பர் சோடிகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.